பிரேக்குக்கு அடியில் எலுமிச்சம்பழம்

எலுமிச்சம்பழம் காய்ந்தால் இவ்வளவு சின்னதாகிவிடும் என்று எனக்குத் தெரியாது. கறுத்து இறுகி, உப்புப் பூத்து, கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. இன்று சாயங்காலம் வேலை விட்டு வந்து உன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன்பெட்டியைத் திறந்தால் இன்சூரன்ஸ் காகிதங்களுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடி கழன்றுவிடாமல் ரப்பர் பேண்ட் போட்டு. உள்ளே இதுதான். ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருக்கிறது. அந்தப் பக்கத்தில் வரி வரியாகத் தடம். காலடியில் விரித்திருக்கும் ரப்பர் மேட்டின் அதே வரி. மறுபக்கத்தில் குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பார்த்ததும் டப்பாவைச் சீட்டின்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். நாற்பத்தாறு வயதில், ஒரு காய்ந்த பழத்தைப் பார்த்து. நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். அரை மணி நேரம் கழித்துத்தான் போய் எடுத்துவந்தேன். இப்போது மேசைமேல் என் எதிரே இருக்கிறது.

இந்தப் பழத்தை உன் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தவள் நான். நாலு வருடத்துக்கு முன்னால் பந்தயத் தடத்தில் உன் பிரேக் பிடிக்காமல் போனதற்கும், உன் மணிக்கட்டு முறிந்ததற்கும், அதற்குப் பிறகு நீ பட்ட அத்தனைக்கும் இதுதான் காரணம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொல்லவில்லை. உனக்குத் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா டப்பாவில் போட்டிருந்தால் பூசணம் பிடித்து என்றைக்கோ கரைந்திருக்கும். நீ இதை உப்பில் புரட்டி, வெயிலில் காயவைத்து, பத்திரப்படுத்தியிருக்கிறாய். உனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

காரை உன் வீட்டுக்காரர் செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விட்டார். அண்ணன் என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று சாவியை நீட்டினார். "ஆஸ்பத்திரியில சொல்லிட்டுப் போனா, கார் ஒனக்குத்தான்னு. ஓட்டுறதா இருந்தா வச்சிக்கம்மா. சும்மா நிறுத்தி வச்சி மழையில ஊறப் போடுறதா இருந்தா வேணாம்லா. கலும்பாங்குல ஒருத்தன் கேக்குறான். சனிக்கெழம சொல்லிரு" என்றார். பிறகு காரின் பின்மூலையை, தட்டி நிமிர்த்திய அந்த இடத்தை, ஒருதரம் பார்த்தார். "திமிரு. வேற என்னா" என்று முணுமுணுத்துவிட்டு அவர் தம்பி காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் இன்னும் உன்னைத்தான் குறை சொல்கிறார். நீ போன பிறகும்.

புதன்கிழமை தடத்திலிருந்து போன் வந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு உன் பெயரில் ஓர் இடம் பதிந்து கிடக்கிறதாம், நான் வருகிறேனா என்று கேட்டார்கள். வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். ஆக, சனிக்கிழமை அண்ணனுக்குப் பதில் சொல்லப் போகும்போது உண்மையையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் காரில், பக்கத்தில் நீ இல்லாமல், தண்ணீர்க் குட்டையை ஒட்டிய அந்த வளைவைச் சுற்ற வேண்டும். இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பயப்படுவதில் நான் கெட்டிக்காரி. உனக்குத் தெரியாததா? தோட்டத்துப் பள்ளியில் ஊசி போட நர்ஸ் வந்த அன்று நான் கழிவறையில் ஒளிந்ததும், நீ வந்து கதவைத் தட்டி "வாடீ, நான் ஒனக்கும் சேத்து அழுவுறேன்" என்றதும் உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். வளர்ந்து நான் தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஆனேன். நீ கல்யாணம் கட்டி ராசா என்ற ஊருக்குப் போய்ப் பள்ளி வேன் ஓட்டினாய். என் பயம் மட்டும் வேலை மாறாமல் அப்படியே இருந்தது.

என் வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போகும் வழி உனக்குத் தெரியும். தஞ்சோங் காராங்கில் வயலுக்குத் தண்ணீர் போகும் கால்வாயை ஒட்டியே சாலை. தடுப்பு ஒன்றும் கிடையாது. ஒருநாள் காலை, தூறலில், எதிரே நெல் லோரி வந்தது. எனக்குப் போதுமான இடம் இருந்தது. ஆனால் நான் தண்ணீரைப் பார்த்தேன். பார்த்ததும் கார் அந்தப் பக்கம் போயிற்று. முன் டயர் ஒன்று புல்லில் இறங்கி, சேற்றில் அழுந்தி நின்றது. இன்னும் ஒரு கை அகலம் போயிருந்தால் நான் கால்வாய்க்குள்.

நீ பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேனோடு வந்தாய். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் டயர் போன தடத்தைத்தான் பார்த்தாய்.

"லோரி ஒன்ன இடிக்கலடீ. நீயா போயிருக்க."

"பயந்துட்டேன்."

"பயப்படு. யாரு வேணாம்னா? பயப்படுறதையே பாத்துக்கிட்டு ஓட்டாத. கண்ணு எங்க போவுதோ கை அங்கதான் போவும். தண்ணியப் பாத்தா தண்ணிக்குத்தான் போவ."

இதை நீ எங்கே கற்றாய் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மாதம் ஒரு ஞாயிறு, யாருக்கும் சொல்லாமல், பழைய வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு பந்தயத் தடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய். கோல சிலாங்கூருக்கும் ராசாவுக்கும் நடுவில், ஈயம் அள்ளி முடித்து விட்டுப்போன நிலத்தில் போட்ட சின்னத் தடம். அங்கே சொல்லிக்கொடுக்கும் மலாய்க்காரரை எல்லாரும் சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்தியார் என்று அர்த்தம். முதல்நாள் அவர் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு சுற்று வந்தாராம். இறங்கும்போது "ஓராங் எஸ்டேட்?" என்று கேட்டாராம். தோட்டத்து ஆளா என்று. உனக்குக் கோபம் வந்துவிட்டது. எப்படித் தெரியும் என்று நீ முறைக்க, அவர் தன் கண்ணைத் தொட்டு "மாத்தா" என்றாராம். கண்ணைப் பார்த்தாலே தெரியும் என்று.

அவர் சொன்னது உண்மைதான். நாம் இரண்டு பேரும் ஓட்டப் பழகியது தோட்டத்துச் செம்மண் சாலையில். அங்கே குழி, லோரி உழுத பள்ளம், வெட்டிப் போட்ட செம்பனை மட்டை, டயரைக் கிழிக்கும் முள். மூக்குக்கு முன்னால் பத்தடியைப் பார்த்து ஓட்டவில்லை என்றால் டயர் போய்விடும். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஓட்டுவோம், தொலைந்த காதணியைத் தேடுகிற மாதிரி. பதினைந்து இருபது வேகத்தில் அது சரி. தடத்தில் நூற்றுக்கு மேல் போகும்போது மூக்குக்கு முன்னால் பார்த்தால், பார்த்த இடம் பார்த்த உடனே கடந்துபோய்விடும். அப்புறம் எல்லாமே திடீரென்றுதான் வரும். திடீரென்று வந்தால் பயம், பயம் வந்தால் பிரேக்கை உதைப்பது. "ஒனக்குப் பயம் வர்றதுக்குக் காரணமே நீ கிட்டப் பாக்கிறதுதான்" என்று என்னிடம் சொன்னாய்.

அடுத்த ஞாயிறு செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் லோரி திருப்பும் சிமெண்டு முற்றத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே ஆட்களை மேய்க்கும் மண்டோரிடம் நான்தான் கேட்டு வைத்திருந்தேன். வீட்டிலிருந்து முருகன் படம் போட்ட பழைய காலண்டர் அட்டையைக் கொண்டுவந்து, கண்ணாடியின் கீழ்ப்பாதியில் டேப் போட்டு ஒட்டினாய். எனக்குப் பக்கத்துத் தரையே தெரியவில்லை. அலறினேன்.

"கீழ முருகன் பாத்துக்குவாரு. நீ தூரத்தப் பாருடீ" என்றாய்.

மூலைக்கு மூலை டயர் வைத்து, ஒரு டயரைத் தாண்டும்போதே கண் அடுத்த டயருக்குப் போயிருக்க வேண்டும் என்றாய். தலையையே திருப்பச் சொன்னாய். பத்துச் சுற்றில் ஏதோ ஒன்று நடந்தது. ஸ்டியரிங்கை நான் திருப்புகிற மாதிரியே இல்லை, பார்த்த பக்கம் அதுவாகத் திரும்பியது. அன்றைக்கு மழையும் பிடித்துக்கொள்ள, சிமெண்டு வழுக்கியது. முன் டயர் சறுக்கினால் இன்னும் திருப்பாதே, கொஞ்சம் தளர்த்திக் கொடு, பிடிப்பு தானாக வரும். பின்பக்கம் சறுக்கினால் பிரேக்கில் கால் வைக்காதே, போக வேண்டிய இடத்தைப் பார், கையை அதன் போக்கில் விடு. இதெல்லாம் எனக்குத் தலையில் ஏறவில்லை என்று தெரிந்ததும் உன் வேனிலிருந்து உதாரணம் எடுத்தாய். "பிரேக்க உதைச்சா புள்ளைங்க எல்லாம் முன்னால வந்து விழுவுதுங்கல்ல. காருலயும் வெயிட்டு அப்படித்தான் ஓடுது. புள்ளைங்க விழாம ஓட்டு, அவ்ளோதான்." அது புரிந்தது.

இரண்டு மாதத்தில் தடத்துக்கும் வந்துவிட்டேன். பெரும்பாலும் உன் பக்கத்துச் சீட்டில். ஓட்டினால் மெதுவாக. அந்தக் குட்டை வளைவு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. நீளமான நேர்பாதை முடியும் இடத்தில் பழைய ஈயக்குட்டை எதிரே நிற்கும், பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. பாதை இடப்பக்கம் திரும்பும். நடுவில் ஒரு துண்டுப் புல்வெளி, அதன் கோடியில் அடுக்கி வைத்த பழைய டயர்கள். நேர்பாதையில் வரும்போது கண் தண்ணீருக்குத்தான் போகும். ஒவ்வொரு முறையும் நீ "கண்ணு" என்பாய். அந்த ஒரு சொல்லில் தலையைத் திருப்பிவிடுவேன்.

இனி அந்தப் பழத்தைப் பற்றி.

ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை, சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து அளக்கும் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாய். அந்த வாரம் முழுக்க எனக்குக் கெட்ட கனவு, ஒரே கனவு, பச்சைத் தண்ணீரில் வெள்ளையாக ஏதோ மூழ்குகிற மாதிரி. வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குப் போனேன். ஐயர் கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உன்னைத்தான் நினைத்தேன். நம் ஊரில் யார் கார் வாங்கினாலும் முதல்நாள் நாலு டயருக்கும் நாலு பழம் வைத்து ஏற்றுவோம். வருகிற கெடுதி எல்லாம் பழத்தோடு நசுங்கிப் போகட்டும் என்று. நீயும் வைத்தவள்தான். ஆனால் தடத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு காருக்குள் தொங்கியது, ஒட்டியது எல்லாவற்றையும் எடுத்துவிட்டாய். கண்ணாடியில் கட்டியிருந்த மணி, முன்னால் இருந்த பிள்ளையார், உன் அம்மா கொடுத்த திருநீற்றுப் பொட்டலம். காவலுக்கு ஒன்றுமில்லாமல் இந்தக் கார் போகிறதே என்று எனக்குத் தோன்றியது. கேட்டால் வேண்டாம் என்பாய். அதனால் கேட்கவில்லை. ஞாயிறு காலையில், தடத்தில் நீ கையெழுத்துப் போடப் போன நேரம் பார்த்து, பழத்தை உன் சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்தேன். வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நேரம் எடுப்பதற்கு முன்னால் பழகுவதற்கு ஒரு சுற்று, அதில் பக்கத்தில் ஆள் உட்காரலாம். உட்கார்ந்தேன். முதல் வளைவில் நீ பிரேக் பிடித்தபோது உன் குதிகாலுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஏதோ உருண்டு வந்து நின்றது. எனக்கு உயிர் போய்விட்டது. வளைவு முடிந்து நீ வேகம் எடுத்ததும் அது பின்னால் உருண்டு சீட்டுக்கு அடியில் போய்விட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். எதிரே நேர்பாதை. அது முழுக்க எனக்கு நேரம் இருந்தது. "நிறுத்து, கீழ பழம் இருக்கு" என்று சொல்ல நாலு சொல் போதும். சொன்னால் திட்டுவாயே என்று நினைத்தேன். இன்றைய ஓட்டம் கெட்டுவிடுமே என்று நினைத்தேன். அதுதான் பின்னால் போய்விட்டதே என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அந்த நேர்பாதை என் கண்முன்னால் நீண்டுகொண்டே போகிறது, நான் வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறேன்.

குட்டை வளைவுக்கு நீ பிரேக்கை அழுத்தினாய். பழம் முன்னால் ஓடி வந்தது. உன் கால் பாதியில் நின்றது. தொடை இறுகியதைப் பார்த்தேன். மறுபடி அழுத்தினாய், மறுபடி நின்றது. தண்ணீர் பெரிதாகிக்கொண்டே வந்தது.

நீ கீழே பார்க்கவில்லை. நானாக இருந்தால், யாராக இருந்தாலும், காலுக்கு அடியில் என்ன என்றுதான் குனிந்திருப்போம். நீ தண்ணீரையும் பார்க்கவில்லை. கியரை மூன்றுக்கும் இரண்டுக்கும் தட்டினாய், இன்ஜின் அலறியது, உன் தலை மட்டும் மெதுவாக இடப்பக்கம் திரும்பி, புல்வெளியின் கோடியில் இருந்த அந்தப் பழைய டயர்களில் போய் நின்றது. கையும் அங்கே போனது, காரும் அங்கே போனது. புல்லில் ஏறி, பின்பக்கம் சுற்றி, டயர் அடுக்கில் மூலை மோதி நின்றது. என் பக்கத்துக் கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தது. அவ்வளவு கிட்டே.

"ஒனக்கு ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டாய். உன் வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. ஒருதரம் குனிந்தாய். வலியில் குனிகிறாய் என்று நினைத்தேன். ஆட்கள் ஓடி வந்தார்கள். பிறகு நான் கால் வைக்கும் இடத்தையெல்லாம் தேடிப் பார்த்தேன், பழம் இல்லை. கதவைத் திறந்தபோது புல்லில் விழுந்து உருண்டிருக்கும் என்று முடிவு கட்டிக்கொண்டேன். சிக்கு வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாய். "லேட்டா பிரேக் அடிச்சிட்டேன். என் தப்பு."

அந்த ஒரு பேச்சை ஊர் முழுக்கப் பிடித்துக்கொண்டது. வேன்காரம்மா ரேஸ் ஓட்டிக் காரை மோதிவிட்டாள் என்று ராசாவில் பேசினார்கள். ஆறு பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். கை கட்டோடு நீ இரண்டு மாதம் வீட்டில் இருந்தாய், லீவு போட்டு அண்ணன்தான் வேன் ஓட்டினார். தடத்துப் பக்கம் வரக் கூடாது என்று தடத்துக்காரர்கள் ஒரு வருடம் தடை போட்டார்கள். அண்ணன் உன்னோடு சரியாகப் பேசுவதில்லை என்று நீ சொல்லவில்லை, நான் உன் வீட்டில் சாப்பிட வந்தபோது பார்த்தேன். பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். இன்று சொல்லிவிடுவோம், நாளை சொல்லிவிடுவோம் என்று தள்ளித் தள்ளி, பிறகு சொல்ல முடியாத அளவுக்கு நாள் ஆகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து நீ திரும்பத் தடத்துக்குப் போனாய். என்னையும் கூப்பிட்டாய். வரமாட்டேன் என்று அழுதேன். "நீ ஓட்ட வேணாம். எனக்கு ஒரு வேல செஞ்சி குடு" என்றாய். ஒவ்வொரு முறை வண்டி கிளம்புவதற்கு முன்னாலும் சீட்டுக்கு அடியில், பெடலுக்கு அடியில், ரப்பர் மேட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்க்க வேண்டும், ஏதாவது உருளுகிற சாமான் இருக்கிறதா என்று. அது என் வேலை. வேறு யாரையும் செய்ய விடமாட்டாய். நான் குனிந்து எழுந்து "ஒண்ணும் இல்ல" என்று சொன்னால்தான் நீ ஏறுவாய். நீயாக ஒருநாளும் குனிந்து சரிபார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் இது தற்செயலா, இவளுக்குத் தெரியுமா என்று உன் முகத்தைப் பார்ப்பேன். உன் முகம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும். தற்செயல்தான் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

அந்த வேலையைச் செய்து செய்துதான் மறுபடி ஓட்டும் சீட்டில் ஏறினேன். இரண்டு வருடமாக மாதா மாதம் ஓட்டினேன். பக்கத்தில் நீ. குட்டை வளைவில் "கண்ணு".

இப்போது யோசிக்கும்போது, உன் வேனில் வந்த ஒரு முதலாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி நீ சொன்னது ஞாபகம் வருகிறது. வேனுக்குள் வண்டு வந்துவிட்டது என்று அவள் பின்னாலிருந்து பாய்ந்து உன் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள், வேன் சாலையோர மேட்டில் ஏறி இறங்கியது. திட்டினாயா என்று கேட்டேன். "பயந்துபோயி செஞ்சிச்சு. அதப் போயி திட்டுனா நாளைக்கு வேன்லயே ஏறாதுடீ. மறுநாளு முன் சீட்டுல ஒக்கார வச்சி, வண்டு வருதான்னு பாக்குற வேலய குடுத்தேன்" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கடைசியில் டிங்கிக் காய்ச்சல். ஒரு கொசு. ஒன்பதாம் நாள் முடிந்துவிட்டது. ஏழாம் நாள் நான் பார்க்க வந்தபோது உன் தலைமாட்டில் இருந்த மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் இறங்கினால் என் நெஞ்சும் இறங்கியது. உனக்குக் கண் திறக்கவே தெம்பில்லை, ஆனாலும் தெரிந்துவிட்டது. "அதப் பாக்காத. வெளிய பாரு" என்றாய். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடமும் ஒரு மழைமரமும் தெரிந்தன. பார்த்தேன். உன்னிடம் சொல்வதற்கு அதுதான் கடைசி நேரம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை.

மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதி நிறுத்தினேன். இன்று சனிக்கிழமை. ராசாவுக்குப் போய்விட்டு வந்துவிட்டேன்.

உன் காரில்தான் போனேன். தனியாக. கால்வாய்ச் சாலையில் இரண்டு கையும் வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லோரி எதிரே வந்தது. லோரிக்குப் பின்னால் இருந்த சாலையைப் பார்த்தேன், கடந்துவிட்டேன். ராசா போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அண்ணன் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். வேலையை விட்டுவிட்டு இப்போது அவர்தான் வேன் ஓட்டுகிறார். டப்பாவை நீட்டினேன். நீட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஐயர் கொடுத்ததிலிருந்து நேர்பாதை வரைக்கும், நான் வாயைத் திறக்காமல் இருந்தது வரைக்கும். அவர் தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார். தண்ணீர் எங்கள் இரண்டு பேர் காலடியிலும் ஓடியது.

"அவளுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவதான் இத எடுத்து வச்சிருக்கா, அண்ணே."

டப்பாவைத் திறந்து பார்த்தார். "ஒரு வருஷம்மா" என்றார். "ஒரு வருஷம் நான் அவளத் திமிரு புடிச்சவன்னு சொன்னேன். சோறு போட்டு வச்சிட்டு நிப்பா. பேச மாட்டேன். நீ பக்கத்துலதான ஒக்காந்திருந்த? ஆஸ்பத்திரிக்கு வந்த. எங்க வூட்டுல சோறு தின்ன."

"ஆமாண்ணே."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"ஆமாண்ணே."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சொல் வாயில் வரவில்லை. என்னைக் கேவலமாகத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. டப்பாவோடு உள்ளே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். இனி இந்த வீட்டு வாசலில் நான் நிற்க முடியாது என்று நினைத்தேன். குழாயைப் போய் மூடினேன்.

அவர் திரும்பி வந்தபோது கையில் உன் ஹெல்மெட் இருந்தது. டப்பா இல்லை.

"பழம் இங்கயே இருக்கட்டும்" என்றார். ஹெல்மெட்டை என் கையில் வைத்தார். "நாளைக்குத்தான ஓட்டம்? போயிட்டு வா." நான் காரைப் பார்த்துத் திரும்பி நாலடி வைத்திருப்பேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. உன் வேனை அவர் ஓட்டிய அந்த இரண்டு மாதமும், தினம் காலையில், கை கட்டோடு வாசலில் நின்று நீ அவரிடம் சொன்ன அதே பேச்சு.

"குனிஞ்சி பாத்துட்டு ஏறு."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, கதவைத் திறந்து, ஈரத் தரையில் முழங்கால் போட்டு, சீட்டுக்கு அடியிலும் பெடலுக்கு அடியிலும் மேட்டுக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தேன். எழுந்து, "ஒண்ணும் இல்லண்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். காரைக் கிளப்பியதும் கண்ணாடியில் அவர் இன்னும் நிற்கிறாரா என்று பார்க்க ஆசையாக இருந்தது. பார்க்கவில்லை. சாலை திரும்பும் இடத்தைப் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஓட்டம். உன் ஹெல்மெட் எனக்குக் கொஞ்சம் பெரிது, உள்ளே உன் தலை எண்ணெய் வாசம் இன்னும் இருக்கிறது. பயம் குறையவில்லை. வயிற்றில் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. நேர்பாதை முடியும் இடத்தில் அந்தப் பச்சைத் தண்ணீர் நிற்கும், பக்கத்துச் சீட்டிலிருந்து யாரும் "கண்ணு" என்று சொல்லப்போவதில்லை. அதை நான்தான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும், சத்தமாகவே சொல்வேன், கேட்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அதற்கு முன்னால் நீ கொடுத்த வேலை ஒன்று இருக்கிறது. குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.